வால் தெரிந்தால் போதாது, மாடும் தெரிய வேண்டும்: ஆங்கிலப் பெயர்ச்சொற்களை விகுதி வழியே கற்க முழுமையான வழிகாட்டி

தருமபுரியில் மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள். மீதிப் பேர் ஓசூர் கம்பெனி இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று பஸ் பிடித்து வந்து, பஸ் பிடித்துத் திரும்ப வேண்டியவர்கள் என்பதால் யாருக்கும் நேரம் உபரியாக இருக்காது.

முதல் வருடம் நான் ஒரு தப்பு செய்தேன். முப்பது விகுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துச் சொல், மொத்தம் 300 சொற்களை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தால் தாளில் 'அரைவ்மென்ட்' இருக்கிறது, 'ரெஃப்யூசேஷன்' இருக்கிறது, 'டிசைட்மென்ட்', 'ஹானஸ்ட்னெஸ்' எல்லாம் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லா வாலும் தெரிந்திருந்தது. எந்த மாட்டுக்கு எந்த வால் என்பதுதான் தெரியவில்லை.

அதன் பிறகு வரிசையைத் தலைகீழாக்கினேன். விகுதி கடைசியில்தான் வரும், முதலில் வேர். கீழே இருப்பது அந்த வரிசை. தினம் அரை மணி நேரம் வைத்தால் ஆறு வாரம் ஆகும்.

இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதியிருக்கிறேன், அதுவும் வேண்டுமென்றேதான். நோட்டில் எழுதும்போது ஸ்பெல்லிங்கை நீங்களே அகராதியில் தேடி எழுதுங்கள். பார்த்துக் காப்பியடித்த ஸ்பெல்லிங் மறுநாளே பறந்துவிடும், தேடி எடுத்தது தங்கும்.

1. தொடங்கும் முன் என்ன வேண்டும்

கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேல் வைத்து நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: வேர்ச்சொல், பெயர்ச்சொல், தமிழ்ப் பொருள், ஒரு வாக்கியம். வேரும் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது முக்கியம். பெயர்ச்சொல்லை மட்டும் எழுதுகிறவர்கள் ஒரு மாதத்தில் வேரை மறந்துவிடுகிறார்கள்.

மாணவர்களுக்கான ஆங்கில அகராதி ஒன்றும் வேண்டும். போனில் இருந்தாலும் சரி, ஆனால் உச்சரிப்பை ஒலித்துக் காட்டுவதாக இருக்கட்டும். காரணம் நான்காம் படியில் வரும்.

முன்னறிவு என்று பார்த்தால், சாதாரண வினைச்சொல் ஓர் இருநூறாவது தெரிந்திருக்க வேண்டும். டிசைட், அட்மிட், ரிடியூஸ் போன்றவை தெரியாதவர் பெயர்ச்சொல் பக்கம் வரவே வேண்டாம். முதல் இரண்டு வாரம் வினைச்சொல்லோடு போகட்டும்.

2. வாயில் ஏற்கெனவே இருப்பதை எழுதுங்கள்

முதல் நாள் அகராதியைத் திறக்காதீர்கள். வீட்டிலும் கடைத்தெருவிலும் நீங்கள் தமிழோடு கலந்து பேசும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுங்கள். அட்மிஷன், பேமென்ட், அட்டென்டன்ஸ், ரெனிவல், ஷார்ட்டேஜ், வேஸ்டேஜ், கலெக்‌ஷன், செக்யூரிட்டி, ஸ்காலர்ஷிப், நாமினி. உட்கார்ந்து யோசித்தால் எண்பது, நூறு தேறும். 'எனக்கு இங்கிலீஷே வராது சார்' என்றவர்களும் அறுபதுக்குக் குறையாமல் எழுதியிருக்கிறார்கள்.

சுருக்கெழுத்துகளையும் விடாதீர்கள். லாரி வைத்திருக்கும் வீட்டில் எஃப்சி என்ற பேச்சு எப்போதும் ஓடும். அதில் எஃப் என்பது ஃபிட்னெஸ். என்ஓசி என்பதன் நடுவில் இருப்பது அப்ஜெக்‌ஷன். நிலம் வாங்கப் போகிறவர் முதலில் போட்டுப் பார்ப்பது ஈசி, அதாவது வில்லங்கச் சான்று. அதன் முழுப்பெயர் என்கம்ப்ரன்ஸ் சர்டிஃபிகேட்.

என்கம்ப்ரன்ஸ் நிச்சயமாக உயர்நிலைச் சொல்தான். என்கம்பர் என்றால் பாரத்தை ஏற்றி இடைஞ்சல் செய்வது. நிலத்தின் மேல் ஏறிய பாரம் என்கம்ப்ரன்ஸ். அடமானமும் அதில் ஒரு பாரம். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், ரியல் எஸ்டேட் செய்பவரின் மகன், ஈசியைப் பலமுறை கையில் பிடித்தவன், அன்றைக்குத்தான் அதன் அர்த்தத்தைக் கேட்டான். கையோடு இன்னொன்றும் காட்டினேன்: என்கம்பர் என்கம்ப்ரன்ஸ் ஆகும்போது நடுவில் ஓர் இ உதிர்கிறது. ஹிண்டர் ஹிண்ட்ரன்ஸ் ஆவதும், ரிமெம்பர் ரிமெம்ப்ரன்ஸ் ஆவதும், என்டர் என்ட்ரன்ஸ் ஆவதும் அதே வழிதான். தெரிந்த ஒன்றைப் பிடித்தால் தெரியாத மூன்று கூடவே வரும்.

ஊர்ச் செய்தியிலும் இப்படிக் கிடைக்கும். 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததை ஆங்கிலச் செய்தியில் பைஃபர்கேஷன் என்பார்கள். பைஃபர்கேட், இரண்டாகப் பிரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ஃப்ளோரோசிஸ் மிட்டிகேஷன் என்று இருக்கும். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால் பல்லும் எலும்பும் கெடுவது ஃப்ளோரோசிஸ். மிட்டிகேட் என்றால் தணி, மிட்டிகேஷன், தணிப்பு.

3. தமிழிலேயே மூன்றாகப் பிரியுங்கள்

எழுதிய நூறு சொற்களையும் மூன்று கூடையில் போடுங்கள். பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் இதற்குப் போதும்.

செயலின் பெயரானால் தொழிற்பெயர்: அட்மிஷன், பேமென்ட், ரெனிவல். குணத்தின் பெயரானால் பண்புப்பெயர்: ஃபிட்னெஸ், குவாலிட்டி. செய்கிற ஆளின் பெயர், அல்லது செயலைப் பெற்றுக்கொள்கிற ஆளின் பெயர் மூன்றாவது கூடை: கண்டக்டர், நாமினி.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கூடைக்குள்ளும்தான் விகுதிகள் ஒன்றுக்கொன்று போட்டி போடுகின்றன. ஷன்னுக்கும் மென்ட்டுக்கும் சண்டை வரும், நெஸ்ஸுக்கும் இட்டிக்கும் சண்டை வரும். ஷன்னுக்கும் ஷிப்புக்கும் எந்தக் காலத்திலும் வராது. குழப்பம் கூடைக்குள் அடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

'டிசைடுக்கு ஏன் மென்ட் வராது சார்?' என்று யாராவது கேட்பார்கள். மகிழ்ச்சி என்கிறோம், 'மகிழ்ப்பு' என்று ஏன் சொல்வதில்லை? நடிப்பு உண்டு, 'நடிச்சி' இல்லை. வளர் என்ற ஒரே வினையில் வளர்ச்சியும் உண்டு, வளர்ப்பும் உண்டு. ஆனால் ஆடு வளர்ச்சி வேறு, ஆடு வளர்ப்பு வேறு. தாய்மொழியில் இதையெல்லாம் காதால் கற்றோம். ஆங்கிலத்திலும் காதுக்குப் பழக்கித்தான் ஆக வேண்டும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: விகுதி விதியைப் படிக்கும்போது பொருளை ஊகிக்கப் பயன்படுத்தலாம், எழுதும்போது புதுச் சொல் உண்டாக்கப் பயன்படுத்தக் கூடாது. எழுதுவதற்கு, நோட்டில் ஜோடியாக ஏறிய சொல் மட்டும்தான்.

4. முதலில் ஷன் கூட்டம்

இதற்கு ஒன்றரை வாரம் கொடுங்கள். கூட்டம் பெரியது, அதைவிட முக்கியம், ஓரளவு ஒழுங்கானது. ஒழுங்கானதை முதலில் எடுத்தால் நம்பிக்கை வரும்.

வேரின் கடைசி ஒலியைப் பார்த்துக் குழுவாகப் பிரியுங்கள். ஏட் என்று முடிவது ஏஷன் ஆகும்: நெகோஷியேட், நெகோஷியேஷன், இர்ரிகேட், இர்ரிகேஷன். இஃபை என்று முடிவது இஃபிகேஷன்: கிளாரிஃபை, வெரிஃபை, ஜஸ்டிஃபை மூன்றும் இதே வழி. டியூஸ் என்பது டக்‌ஷன்: ரிடியூஸ் ரிடக்‌ஷன், இன்ட்ரொடியூஸ் இன்ட்ரொடக்‌ஷன். சீவ் என்பது செப்ஷன்: பெர்சீவ் பெர்செப்ஷன், டிசீவ் டிசெப்ஷன். ஸ்க்ரைப் என்பது ஸ்க்ரிப்ஷன். சியூம் அல்லது சூம் என்பது சம்ப்ஷன்: அசியூம் அசம்ப்ஷன், கன்சியூம் கன்சம்ப்ஷன். பெல் என்பது பல்ஷன்: கம்பெல் கம்பல்ஷன், எக்ஸ்பெல் எக்ஸ்பல்ஷன்.

ஒரு நாளைக்கு ஒரு குழு போதும். இரண்டு குழுவை ஒன்றாக எடுத்தால் ரிசீவுக்கு 'ரிசக்‌ஷன்' என்று எழுதுவார்கள், பார்த்திருக்கிறேன்.

ஸ்பெல்லிங்கில் டி ஐ ஓ என் வருமா, எஸ் ஐ ஓ என் வருமா என்பது அடுத்த தலைவலி. வேர் டி ஒலியில் முடிந்தால், அதாவது டிசைட், டிவைட், கன்க்ளூட், எக்ஸ்பேண்ட் போன்றவற்றில், பெரும்பாலும் எஸ் வரும். மிட் என்று முடிந்தால் இரண்டு எஸ்: அட்மிஷன், பெர்மிஷன், சப்மிஷன். ஆனால் அட்டெண்ட், இன்டெண்ட் இரண்டும் டி ஒலியில் முடிந்தும் அட்டென்ஷன், இன்டென்ஷன் ஆகும்போது டி ஐ ஓ என் என்றுதான் போகின்றன. இந்த இரண்டையும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் காதால் கேளுங்கள். எஜுகேட் என்னும்போது முதல் அசையில் அழுத்தம், எஜுகேஷன் ஆனதும் அது 'கே'க்கு நகர்கிறது. ஷன்னில் முடியும் சொற்களில் அழுத்தம் ஷன்னுக்கு முந்தைய அசையில் விழும். இட்டியிலும் அப்படியே: ஆக்டிவ் என்னும்போது 'ஆக்', ஆக்டிவிட்டி என்னும்போது 'டி'. மென்ட்டும் நெஸ்ஸும் அழுத்தத்தை நகர்த்துவதில்லை. இன்டர்வியூவில் சொல்லைச் சரியாகச் சொல்லியும் எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எல்லோரும் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. ப்ரொனௌன்ஸ் என்பதன் பெயர்ச்சொல் ப்ரொனன்சியேஷன். 'னௌ' போய் 'ன' வரும், ஸ்பெல்லிங்கிலும் ஓ எழுத்து காணாமல் போகும். 'ப்ரொனௌன்சியேஷன்' என்று உச்சரிப்பைப் பற்றியே தப்பாக உச்சரிப்பவர்கள் ஏராளம், ஆங்கிலம் நடத்துகிறவர்கள் உட்பட. எக்ஸ்பிளெயின் எக்ஸ்பிளனேஷன் ஆவதும் இதே போன்ற சுருக்கம்தான். ஆனால் அனௌன்ஸ் இந்தப் பக்கமே வருவதில்லை. அது மென்ட்டோடு போய்விட்டது: அனௌன்ஸ்மென்ட்.

5. மென்ட், அல், யூர், ஏஜ்

இவற்றுக்கு விதி தேடாதீர்கள், பொதுவாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. ஜோடியாகச் சொல்லிச் சொல்லிப் பழகுவதுதான் வழி.

மென்ட்: அக்ரீ, அப்பாயின்ட், அச்சீவ், ரெக்வயர், அக்னாலெட்ஜ். வேரில் கைவைக்காமல் அப்படியே ஒட்டும். விதிவிலக்கு ஆர்க்யூ, ஆர்க்யுமென்ட் ஆகும்போது கடைசி இ உதிரும். கவர்ன்மென்ட்டில் நடுவே என் எழுத்து இருப்பதைக் காது சொல்லாது, வேரான கவர்ன் சொல்லும். வேரைப் பக்கத்தில் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அல்: அரைவல், அப்ரூவல், ரெஃப்யூசல், ப்ரொபோசல், டிஸ்மிசல், சர்வைவல், டினையல். ஹைவே ஓரம் மனை விற்கும் போர்டில் எல்லாம் அப்ரூவல் இருக்கும், பேங்க் சலானில் வித்ட்ராவல் இருக்கும். சலானில் இருக்கிறதே என்று ஸ்பெல்லிங்கை அலட்சியமாக விடாதீர்கள். வித்ட்ரா என்ற முழு வேருக்குப் பின்னால் ஏ எல் ஒட்ட வேண்டும், பலரும் ஓர் ஏவை விழுங்கிவிடுகிறார்கள்.

யூர்: ஃபெயிலியர், டிபார்ச்சர், எக்ஸ்போஷர், குளோஷர், சிக்னேச்சர். ஏஜ்: ஷார்ட்டேஜ், லீக்கேஜ், ஸ்டோரேஜ், பிரேக்கேஜ். தக்காளி மண்டிக்குப் போய் வருகிறவர்களுக்கு ஏஜ் கூட்டத்தை நான் நடத்த வேண்டியதே இல்லை.

6. நெஸ்ஸா, இட்டியா?

குணப் பெயர்களில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் இதுதான். நெஸ் ஆங்கிலத்தின் சொந்த விகுதி. இட்டி லத்தீன் வழியில், பிரெஞ்சு மூலம் வந்தது. சின்னச் சின்ன வீட்டுச் சொற்களுக்கு நெஸ், கொஞ்சம் படித்த மாதிரி ஒலிக்கும் நீளச் சொற்களுக்கு இட்டி என்பது முதல் ஊகமாக இருக்கட்டும்: கைண்ட்னெஸ், வீக்னெஸ், டார்க்னெஸ் ஒரு பக்கம், ஃபார்மாலிட்டி, பங்க்சுவாலிட்டி, லீகாலிட்டி மறுபக்கம்.

இன்னும் உறுதியான அடையாளம், பண்புச்சொல்லின் முடிவு. ஃபுல், லெஸ், இஷ், இங் என்று முடிந்தால் நெஸ்தான்: கேர்லெஸ்னெஸ், ஃபூலிஷ்னெஸ், வில்லிங்னெஸ். ஏபிள், இபிள் என்று முடிந்தால் பிலிட்டி: அவைலபிலிட்டி, எலிஜிபிலிட்டி, ரெஸ்பான்சிபிலிட்டி. இக் என்று முடிந்தால் இசிட்டி. எலக்ட்ரிக்கில் 'க்' ஆக இருந்தது எலக்ட்ரிசிட்டியில் 'சி' ஆவதைக் கேளுங்கள், எழுத்து என்னவோ அதே சிதான். அஸ் என்று முடியும் கியூரியஸ், ஜெனரஸ் இரண்டும் கியூரியாசிட்டி, ஜெனராசிட்டி. ஆனால் ஆங்க்ஷஸ் ஆங்ஸைட்டி ஆகிவிடும், வேரியஸ் வெரைட்டி ஆகிவிடும்.

ஸ்பெல்லிங்கில் இரண்டு பொறி. லேசி, ஹேப்பி போன்றவற்றின் ஒய் எழுத்து நெஸ் சேரும்போது ஐ ஆகும். கீன், ஓப்பன் போன்று என் எழுத்தில் முடியும் சொல்லோடு நெஸ் சேர்ந்தால் இரண்டு என். ஒன்றைத் தின்றுவிடுவார்கள்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் சிலருக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். அவர்களுக்கு நெஸ் சட்டென்று பிடிபடும். தெலுங்கில் மஞ்சிதனம், கன்னடத்தில் படதன, தமிழில் சோம்பேறித்தனம் என்று மூன்று மொழியிலும் அந்தத் 'தனம்' இருக்கிறதே! இதை வைத்து ஒரு நுட்பமான இடத்தையும் தாண்டலாம். குழந்தைத்தனம் சைல்டிஷ்னெஸ், குழந்தைப் பருவம் சைல்ட்ஹுட். இரண்டையும் மாற்றி எழுதினால் வாக்கியம் சிரிப்பாகிவிடும்.

அப்புறம், இரண்டு கூட்டத்திலும் சேராதவை. ஹானஸ்ட் ஹானஸ்டி, டிஃபிகல்ட் டிஃபிகல்டி, சேஃப் சேஃப்டி, க்ரூவல் க்ரூவல்டி, பிரேவ் பிரேவரி, ப்ரௌட் ப்ரைட், புவர் பாவர்ட்டி, ஆங்க்ரி ஆங்கர். 'ப்ரௌட்னெஸ்', 'டிஃபிகல்ட்னெஸ்' என்று எழுதுகிறவர்கள் நெஸ்ஸை நன்றாகவே கற்றவர்கள். கற்றதை எல்லா இடத்திலும் தடவிவிட்டார்கள், அவ்வளவுதான். இந்த எட்டையும் தனிப் பக்கத்தில் எழுதிப் பாத்ரூம் கதவில் ஒட்டினாலும் தப்பில்லை.

7. அன்ஸ், என்ஸ், சி

ஒலியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. எழுத்தில் மட்டும் ஏவா, இயா என்று இழுபறி. பண்புச்சொல் இருந்தால் அதைப் பாருங்கள்: இம்பார்ட்டன்டில் ஏ இருக்கிறது, இம்பார்ட்டன்ஸிலும் ஏ, டிஃபரன்டில் இ, டிஃபரன்ஸிலும் இ. வினையிலிருந்து வருபவற்றுக்கு இந்த உதவி கிடைக்காது. அட்டென்டன்ஸ், அசிஸ்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் ஏ. எக்ஸிஸ்டன்ஸ், பெர்சிஸ்டன்ஸ் இரண்டும் இ. மனப்பாடம்தான்.

மெயின்டெயின் என்பதன் பெயர்ச்சொல்லில் 'டெயின்' கிடையாது, மெயின்டனன்ஸ். மாதம் ஒரு நாள் கரண்ட் நிறுத்தும்போது கேட்கிற சொல்தான். எழுதும்போது மட்டும் வேரை அப்படியே வைத்து வாலை ஒட்டிவிடுகிறார்கள்.

ஆர் எழுத்து ஒன்றா இரண்டா என்று பலரும் கேட்கும் கேள்விக்கு அழுத்தத்தில் பதில் இருக்கிறது. அக்கர் என்ற வினையில் அழுத்தம் கடைசி அசையில். அக்கரன்ஸ் ஆன பிறகும் அதே இடத்தில் நிற்கிறது, அதனால் இரண்டு ஆர். ரெஃபர், ப்ரிஃபர் வினைகளிலும் கடைசியில்தான் அழுத்தம், ஆனால் ரெஃபரன்ஸ், ப்ரெஃபரன்ஸ் ஆனதும் முதல் அசைக்கு ஓடிவிடுகிறது, அதனால் ஒரே ஆர். அகராதியில் ஒலியைக் கேட்டுப் பாருங்கள், சட்டென்று விளங்கும்.

சி என்று முடிபவை இவற்றின் தங்கை: எஃபிஷியன்ட் எஃபிஷியன்சி, வேகன்ட் வேகன்சி, அக்யுரேட் அக்யுரசி, லிட்டரேட் லிட்டரசி.

8. ஆள் பெயர்கள்

அர் என்று நாம் உச்சரிப்பது எழுத்தில் இ ஆர் ஆகவும் இருக்கும், ஓ ஆர் ஆகவும் இருக்கும். டிரைவர், ஒர்க்கர் இ ஆர். கண்டக்டர், இன்ஸ்பெக்டர், ஆபரேட்டர், கான்ட்ராக்டர் ஓ ஆர். அந்த வினைக்கு ஷன் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, ஆபரேஷன் உண்டு. அப்படியானால் பெரும்பாலும் ஓ ஆர். ப்ரொடியூசர் போன்ற சில, பேச்சைக் கேட்காதவை. நான்காம் படியை முடிக்காதவர்களுக்கு இந்தக் குறுக்குவழி பலிக்காது, ஆள் பெயரைப் பின்னால் வைத்தது அதனால்தான்.

ஈ என்று இரட்டை இயோடு முடிபவை பெற்றுக்கொள்கிற ஆள். எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயீ வேலை பெறுபவர். செக்கில் பேயீ என்று இருக்கும் இடத்தில் பணம் பெறுபவர் பெயர். மார்ட்கேஜர், மார்ட்கேஜீ ஜோடியில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். கடன் வாங்குகிறவர்தானே 'பெறுபவர்' என்று நினைத்து அவரை மார்ட்கேஜீ என்கிறார்கள். இங்கே கைமாறுவது அடமானம். அதைக் கொடுப்பவர் வீட்டுக்காரர், அவர் மார்ட்கேஜர். பெறுவது பேங்க், அது மார்ட்கேஜீ. ஆப்சென்டீ, ரிட்டயரீ போன்ற சில சொற்கள் யாரிடமிருந்தும் எதையும் பெறுவதில்லை. அவை வராதவர், ஓய்வு பெற்றவர், அவ்வளவே.

9. சில்லறைக் கூட்டங்கள்

ஒரே நாளில் முடித்துவிடலாம். ஷிப்: லீடர்ஷிப், சிட்டிசன்ஷிப், ஹார்ட்ஷிப். ஹுட்: நெய்பர்ஹுட், லைக்லிஹுட். டம்: ஃப்ரீடம், விஸ்டம், போர்டம். இசம் என்றால் கொள்கை, இஸ்ட் என்றால் அதைப் பின்பற்றுகிறவர் அல்லது அந்தத் துறைக்காரர்.

த் என்று முடிபவை சொற்பம், ஆனால் உயிரெழுத்தை மாற்றிவிடும்: லாங் லெங்த், ஸ்ட்ராங் ஸ்ட்ரெங்த், டீப் டெப்த், வைட் விட்த். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

போலிகளும் உண்டு. லயனெஸ்ஸில் இருப்பது நெஸ் இல்லை, லயனோடு எஸ். சிமென்ட்டில் வேரைத் தேடினால் கையில் எதுவும் ஒட்டாது. பிசினஸ் மட்டும் நிஜமாகவே பிஸியோடு நெஸ் சேர்ந்தது. சொன்னால் வகுப்பில் யாரும் முதலில் நம்புவதில்லை.

10. ஒரே வேர், இரண்டு பெயர்

உயர்நிலை என்று சொல்லத் தக்க இடம் இதுதான். வளர்ச்சி, வளர்ப்பு மாதிரி. ஐந்தாம் வாரத்துக்கு முன் தொடாதீர்கள். இரண்டும் அரைகுறையாக இருக்கும்போது ஒப்பிட்டால் நிரந்தரமாகக் குழம்பிவிடும்.

அட்மிட்: கல்லூரியில் சேர்வதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அட்மிஷன். ஓர் இடத்துக்குள் நுழைய விடுவது அட்மிட்டன்ஸ். ஃபேக்டரி கேட்டில் 'நோ அட்மிட்டன்ஸ்' என்ற போர்டு இந்தப் பொருளில்தான். அப்சர்வ்: கவனித்துப் பார்ப்பது அப்சர்வேஷன், விதியையோ பண்டிகையையோ கடைப்பிடிப்பது அப்சர்வன்ஸ். ரிசீவ்: வரவேற்பு ரிசெப்ஷன், ரசீது ரிசீட், ரிசீட்டில் பி எழுத்து ஒலிக்காமல் ஒளிந்திருக்கிறது. கமிட்: ஈடுபாடு, கொடுத்த வாக்கு கமிட்மென்ட், மண்டியில் பிடிக்கிறார்களே, அது கமிஷன். கம்பீட் கொடுப்பது காம்பெட்டிஷன், காம்பெடன்ட் கொடுப்பது காம்பெடன்ஸ். முன்னது போட்டி, பின்னது திறமை.

11. வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

நான்காவது பத்தியைக் காலியாக விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

முதலாவது, பின்னால் வரும் சின்னச் சொல். ரிடக்‌ஷன் இன், டிமாண்ட் ஃபார், அப்ளிகேஷன் ஃபார், அப்ஜெக்‌ஷன் டு, கான்ட்ரிபியூஷன் டு, டிபென்டன்ஸ் ஆன். இதைத் தனியாகப் படிக்காமல் பெயரோடு ஒட்டியே எழுதுங்கள். இன்னொன்று: டிஸ்கஷனுக்குப் பின் அபௌட் வரலாம், டிஸ்கஸ் என்ற வினைக்குப் பின் வராது. பெயர் கற்ற உற்சாகத்தில் இது கலந்துவிடும்.

இரண்டாவது, முன்னால் வரும் வினை. தமிழில் எல்லாவற்றையும் 'போடு'கிறோம்: அப்ளிகேஷன் போடு, கையெழுத்துப் போடு, கம்ப்ளெயின்ட் போடு. அந்தப் பழக்கத்தில் 'ஐ புட் அப்ளிகேஷன்' என்று இன்டர்வியூவில் வந்து விழுகிறது. சப்மிட் ஆன் அப்ளிகேஷன், மேக் அ கம்ப்ளெயின்ட், மேக் அ டிசிஷன், டேக் ரெஸ்பான்சிபிலிட்டி, ரீச் ஆன் அக்ரீமென்ட் என்று இரண்டு மூன்று சொல்லாகவே பழகுங்கள்.

மூன்றாவது, பன்மை. இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், மெஷினரி, ஸ்டேஷனரி எதற்கும் கடைசியில் எஸ் கிடையாது. கடை போர்டில் ஸ்டேஷனரீஸ் என்று பார்த்திருப்பீர்கள். போர்டுக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் முடிந்த கையோடு சிலர் எல்லா வினையையும் பெயராக்கத் தொடங்குவார்கள். 'வீ டிசைடட்' என்று இரண்டே சொல்லில் முடிவதை 'த டிசிஷன் வாஸ் மேட் பை அஸ்' என்று ஆறு சொல்லாக நீட்டுவார்கள். அலுவலகக் கடிதத்தில் ஓரளவு செல்லும். நேரில் பேசும்போது வினையையே சொல்லுங்கள்.

12. தினசரி அரை மணியும் வாரப் பரீட்சையும்

முதல் பத்து நிமிடம், நேற்றைய ஜோடிகள். பெயர்ச்சொல் பத்தியைக் கையால் மூடி, வேரைப் பார்த்துப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபக்கமாகச் செய்யாதீர்கள், பெயரைப் பார்த்து வேரைச் சொல்வது எல்லோருக்கும் வரும், அதனால் கற்றுவிட்ட மாதிரி ஒரு பொய்த் திருப்தி வந்துவிடும். அடுத்த பதினைந்து நிமிடம் எட்டிலிருந்து பத்துப் புது ஜோடிகள், அதற்கு மேல் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் அவற்றில் இரண்டுக்கு மட்டும் சொந்த வாக்கியம். உங்கள் வீடு, உங்கள் பஸ், உங்கள் தோட்டம் என்று எழுதுங்கள். போன வருடம் ஒரு பெண் மிட்டிகேஷனுக்குத் தன் அப்பாவின் போர்வெல் தண்ணீரை வைத்து எழுதிய வாக்கியம் எனக்கே மறக்கவில்லை, அவள் எங்கே மறக்கப் போகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை புதுச் சொல் கிடையாது. வாரத்தின் வேர்களை வரிசை கலைத்து ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பெயரை நிரப்புங்கள். தப்பானவற்றை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து சரியாக வந்த பிறகே அங்கிருந்து அடிக்க வேண்டும். என் அனுபவத்தில் ஆறாம் வார முடிவில் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருபது, இருபத்தைந்து சொல் மிஞ்சும். தேர்வுக்கு முந்தின நாள் பஸ்ஸில் புரட்ட அந்த ஒரு பக்கம் போதும். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.